ஆளுக்கொரு சூப்பர்லேடிவ்

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களிடம் வாயைத் திறக்கிறவன் எவனாயிருந்தாலும் சட்டையில் பித்தளை பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்களில் ஒருவர்கூட மாமல்லபுரத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே.

இருசப்பனுக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி ஆயிற்று. வலை இழுக்கும்போது தோள்பட்டை பிசகி, இனிமேல் கடலுக்குப் போகவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து "கம் சார், சீ சார், குட் சார்" என்று வெள்ளைக்காரர்களை ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் கூட்டிப்போய்த்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி ஜெகதாம்பாள் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவாள். இரண்டு பேர் வரும்படியும் சேர்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

உத்தரவு வந்த மறுநாள் ரதத்தருகே நின்ற போலீஸ்காரர் அவனைத் தடுத்தார்.

"பேட்ஜ் கீதா?"

"இல்ல சார்."

"அப்ப வாய மூடு."

இருசப்பன் வாயை மூடிக்கொண்டு, வந்த வெள்ளைக்காரிக்கு யானைச் சிற்பத்தைக் கையால் காட்டினான்.

"கையயும்தான்" என்றார் போலீஸ்காரர்.

பேட்ஜ் கொடுக்கிற இடம் செங்கல்பட்டில், ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. 'அயல்நாட்டார் வழிகாட்டிகளுக்கான ஒப்பீட்டு ஆங்கிலப் பயிற்சி மையம்' என்று பலகை. மாடியின் அகலம் பெயருக்குப் போதாமல் 'மையம்' மட்டும் பக்கத்துச் சைக்கிள் கடைச் சுவரில் தொங்கியது. இருசப்பன் முதலில் சைக்கிள் கடைக்குள்தான் போனான். அவனைப் போல வருகிறவர்களுக்கெல்லாம் வழிகாட்டி அலுத்துப்போயிருந்த கடைக்காரர், தலையை நிமிர்த்தாமலே கட்டை விரலால் மாடியைக் காட்டினார்.

மையத்தின் தனி அலுவலர் பக்தவச்சலம். முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். தனகோடி என்று சிற்பப் பட்டறைக்காரன் ஒருவனும் வந்திருந்தான். அவனும் இருசப்பனும் ஒரே பெஞ்சு.

"நம் நாடு ஏன் முன்னேறவில்லை? நாம் ஒப்பிடுவதில்லை!" என்று மேசையைத் தட்டினார் பக்தவச்சலம். "கோயில் பெரிசு என்கிறோம். எதைவிடப் பெரிசு? தெரியாது. வெள்ளைக்காரன் எதையும் சும்மா பெரிசு என்று சொல்லமாட்டான். அவன் ஊரில் மழைகூட நேற்றைய மழையைவிட அதிகமாகத்தான் பெய்யும். இந்த மையம் வருவதற்கு முன்னால் இந்தக் கடற்கரையில் ஒப்பீடு என்பதே கிடையாது. இப்போது இருக்கிறது. இதுவே எவ்வளவு பெரிய ஒப்பீடு பாருங்கள்."

எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியாவிட்டாலும் இருசப்பனும் தட்டினான்.

பாடத்திட்டம் மிக ஒழுங்கானது. முதல் மாதம் பாசிடிவ், அடுத்த மாதம் கம்பாரிடிவ், மூன்றாம் மாதம் சூப்பர்லேடிவ். முதல் மாதம் முழுக்க அவர்கள் 'பிக்' என்றார்கள், 'ஓல்டு' என்றார்கள். ஆர்வக்கோளாறில் ஒருவன் 'பிக்கர்' என்று சொல்லிவிட, தகுதிக்கு மீறிப் பேசினான் என்று அவனைப் படிக்கட்டில் நிற்கவைத்தார்கள். பாடம் எடுத்த ஏசுபாதம் வாத்தியார் தினக்கூலிக்காரர், செய்யூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். குரலை உயர்த்தினால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், ஆங்கிலத்தையே ஊருக்குத் தெரியக்கூடாத சங்கதி மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் மாதம்தான் வம்பு ஆரம்பித்தது. "தனகோடி இஸ் ஸ்ட்ராங்கர் தேன் இருசப்பன்" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்தார் ஏசுபாதம். அந்த நேரம் பார்த்து பக்தவச்சலம் உள்ளே வந்தார்.

"நிறுத்துங்கள். இது அரசாங்கக் கட்டடம். இங்கே சொல்லப்படுகிற ஒவ்வொரு வாக்கியமும் அரசாங்கத்தின் வாக்கியம். அது உண்மையாக இருந்தாக வேண்டும். தனகோடிதான் பலசாலி என்பதற்கு என்ன ஆதாரம்?"

"அவனுக்கு தோள் நல்லா கீது சார். எனுக்கு பிசகிட்டுது" என்றான் இருசப்பன்.

"வாய்ப்பேச்சு செல்லாது. நிரூபிக்க வேண்டும்."

அலுவலகத்து இரும்பு பீரோவை வாசல் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கத்துக்கு தனகோடி நகர்த்தினான். இருசப்பனால் அசைக்க முடியவில்லை. வாக்கியம் உண்மை என்று ஏற்கப்பட்டது. மறுநாள் 'ஹெவியர்' வந்தது. மேசை, பெஞ்சு, தண்ணீர்ப் பானை எல்லாம் இடம் மாறின. அந்த வாரக் கடைசியில், எது அதிக பாரம் என்று பார்ப்பதற்காக ஒரு கட்டிலும் ஓர் ஆட்டுக்கல்லும் பக்தவச்சலத்தின் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கடுத்து வினையை விவரிக்கிற சொற்களில் ஒப்பீடு. யார் 'மோர் குயிக்லி' டீ வாங்கி வருகிறார்கள், யார் 'மோர் கேர்ஃபுல்லி' ஜன்னலைத் துடைக்கிறார்கள் என்று பாடம் நடந்தது. அலுவலகத்துக்கு ஒரு கடைநிலை ஊழியர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்த கோரிக்கையை பக்தவச்சலம் அந்த மாதம் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

"இன்னா மச்சான், இங்கிலீசு கத்துக்க வந்தமா, மூட்ட தூக்க வந்தமா?" என்றான் தனகோடி, டீ கிளாசை ஏந்தியபடி படியேறும்போது.

"பேட்ஜ் வாங்கற வரிக்கும் வாயத் தொறக்காத" என்றான் இருசப்பன்.

பிறகு கோயிலுக்கு வந்தார்கள். மாமல்லபுரத்துத் தண்ணீர்த் தொட்டியைவிடக் கடற்கரைக் கோயில் உயரம் என்று சொல்லலாமா என்று ஏசுபாதம் பயந்து பயந்து கேட்டார். பக்தவச்சலம் இரண்டு நாள் யோசித்தார்.

"கூடாது. தொட்டியைத் திறந்து வைத்தவர் ஒரு மந்திரி. கோயிலைத் திறந்து வைத்தவர் யாரென்று கல்வெட்டில் தெளிவாக இல்லை. ஆகவே இப்போதைக்குத் தொட்டியே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அன்று முழுக்க "தி டேங்க் இஸ் டாலர் தேன் தி டெம்பிள்" என்று உரக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு அத்தனை நூற்றாண்டு நின்ற கோயில் செங்கல்பட்டு மாடியில் ஒரே மத்தியானத்தில் குட்டையாகிப்போனது.

மூன்றாம் மாதம் சூப்பர்லேடிவ். ஒவ்வொருவரும் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு சூப்பர்லேடிவ் சொல்ல வேண்டும். அதற்கு அரசாங்க முத்திரை விழும். விழுந்தால்தான் இறுதித் தேர்வு, அதற்குப் பிறகுதான் பேட்ஜ். தனகோடி, தன் உளிதான் பட்டறையிலேயே கூரானது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். இருசப்பன் முறை வந்தது. அவனுக்கு நாக்கு எழவில்லை.

காரணம் இருந்தது. அவன் குப்பத்தில் அப்படியெல்லாம் யாரும் பேசமாட்டார்கள். கட்டுமரம் கொள்ளாமல் மீனோடு கரையேறினாலும் "நெறய பட்டுச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "ஏதோ கெடச்சுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதிகம் என்று வாய்விட்டுச் சொன்னால் அதோடு கண் பட்டுவிடும். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இளைத்தவன் என்றுதான் பெயர். அப்படி வளர்ந்தவனை நிறுத்தி வைத்து, உன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்தது எது சொல் என்றால் அவன் என்ன செய்வான்?

"மை வூடு இஸ் தி ஸ்மாலெஸ்ட்" என்றான் மெல்ல.

"சின்னதில் என்ன சூப்பர்லேடிவ்? அரசாங்கம் சின்னதற்கெல்லாம் முத்திரை வைக்காது."

"மை ஷோல்டர் பெயின் இஸ் தி பிக்கெஸ்ட்."

"வியாதி வேறு இலாகா. உங்கள் குப்பத்தில் என்ன செய்கிறார்கள்?"

"மீன் புடிக்கிறாங்கோ சார்."

பக்தவச்சலம் முகம் மலர்ந்தது. "அப்படியானால் கரை முழுவதிலும் எங்கள் குப்பம்தான் அதிக மீன் பிடிக்கிறது என்று சொல். அவர் குப்பம் கேட்சஸ் தி மோஸ்ட் ஃபிஷ் ஆன் தி ஹோல் கோஸ்ட்."

"சார், சார், அது மட்டும் வாணாம் சார். கண்ணு பட்டுடும்."

"யார் கண்?"

அது யார் கண் என்று குப்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"பெயர் தெரியாத கண்ணுக்கெல்லாம் பயந்தால் நாடு எப்படி முன்னேறும்? சொல்கிறாயா, பேட்ஜ் வேண்டாமா?"

மூடிக்கிடந்த வாயையும் பாதி காலியாகக் கிடந்த அரிசிப் பானையையும் இருசப்பன் நினைத்துக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். 'டக்' என்று முத்திரை விழுந்தது.

பக்தவச்சலம் சும்மா இருக்கிற ஆளா? அடுத்த வாரமே அந்த வாக்கியத்தை நீல எழுத்தில் பெரிய பலகையாக எழுதவைத்து, குப்பத்தின் நுழைவில் நட்டுவிட்டார். குப்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பதால் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. மீன் வாங்க வந்த தனகோடிதான் பலகையைப் பார்த்துவிட்டு, கற்றுக்கொண்ட பாடத்தைக் காட்டுகிற குஷியில் உரக்கப் படித்து, தமிழிலும் அர்த்தம் சொன்னான். கரையே சில்லிட்டுப் போயிற்று.

அன்றைக்கு மீன் படவில்லை. மறுநாளும் படவில்லை. அது மீன் படாத பருவம்தான். ஆனால் பருவத்துக்குப் பலகை கிடையாது. இதற்கு இருந்தது.

அதோடு போயிருந்தால் பூசாரியைக் கூப்பிட்டுச் சமாளித்திருப்பார்கள். அந்த வழியாக ஒரு ஜீப் வந்தது. மானிய விலையில் நைலான் நூல் கொடுக்கிற ஆபீஸ் ஜீப். அதிலிருந்து இறங்கிய அதிகாரி பலகையை இரண்டு முறை படித்தார். கரை முழுவதிலும் அதிக மீன் பிடிக்கிற குப்பத்துக்கு மானியம் எதற்கு என்று அந்த வருஷத்து நூலை நிறுத்திவிட்டு, ஏறிப் போய்விட்டார்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் செங்கல்வராயன் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு படும்னு எங்கப்பன் சொல்லிக்கீறாரு. அது ஜீப்புல வரும்னு ஒருத்தனும் சொல்லலியே!" என்றார்.

குப்பம் கூடியது. பலகை போகிற வரைக்கும் இருசப்பன் பெண்டாட்டி ஏலத்தில் நிற்கக்கூடாது என்று முடிவாயிற்று. ஜெகதாம்பாள் வெறுங்கூடையோடு வீடு திரும்பினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருசப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடலும் போய், கோயிலும் போய், இப்போது அவள் கூடையும் போய்விட்டால் அவன் எங்கே போவான்?

விடிந்ததும் செங்கல்பட்டுக்கு ஓடி, அந்த வாக்கியத்தை ரத்து செய்யும்படி பக்தவச்சலம் காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"ரத்தா?" பக்தவச்சலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முத்திரை விழுந்த சூப்பர்லேடிவை ரத்து செய்தால் அரசாங்கம் பொய் சொன்னதாகிவிடும். பொய் சொல்வதைவிட அதைத் தொடர்ந்து காப்பாற்றுவது மேல். இதுவும் கம்பாரிடிவ்தான், குறித்துக்கொள். வேண்டுமானால் ஒன்று செய். வேறு எந்தக் குப்பமாவது உங்களைவிட அதிகம் பிடிக்கிறோம் என்று ஒத்துக்கொள்ளட்டும். பலகையை அங்கே மாற்றிவிடுகிறேன்."

இருசப்பன் வடக்கே நெம்மேலிக் கரை வரைக்கும் நடந்தான். தெற்கே செய்யூர்ப் பக்கம் பஸ்ஸில் போனான். "நீங்கதான் ஜாஸ்தி புடிக்கிறீங்கோன்னு ஒரு வார்த்த சொல்லு அண்ணாத்த" என்று கெஞ்சினான். கேட்டவர்கள் எல்லாரும் தீயை மிதித்த மாதிரி துள்ளினார்கள்.

"எங்களுக்கு எதுக்குப்பா இந்த பேஜாரு? நாங்க புடிக்கிறது கொழம்புக்கே பத்தாது."

"உங்களுக்காவது கொழம்புக்கு கீது. எங்களுக்கு மோந்து பாக்கக்கூட இல்ல."

எங்கே பலகை தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்று மற்ற குப்பத்து நாட்டார்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தனகோடியைப் பிடித்து இரண்டு வரி ஆங்கிலம் கற்றுக்கொண்டு, முந்திக்கொள்ள வேண்டும் என்று செங்கல்பட்டு மாடிக்குப் படையெடுத்தார்கள்.

"வீ கேட்ச் லெஸ் தேன் தெம்!"

"நோ சார்! வீ ஆர் புவரர்!"

"வீ ஆர் தி புவரெஸ்ட், நைனா!" என்று மேசையில் அறைந்தார் ஒருவர். அதற்காக இரண்டு குப்பத்தார் மாடிப்படியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பக்தவச்சலம் நெகிழ்ந்துபோனார். கடலோர மக்கள் தாங்களாகவே மூன்று நிலைகளிலும் பிழையில்லாமல் ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்று மெட்ராசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைப் படித்த துறை இயக்குநர், இறுதித் தேர்வை நேரில் வந்து நடத்துவதாகப் பதில் போட்டார்.

தேர்வன்று காலையில் இருசப்பன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஜெகதாம்பாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, அந்தப் பட்டத்த வாங்கிக்கினா கெட்டுப்பூடுவோம்னு எல்லாரும் பயப்படறாங்கோ. பயப்படாத ஆளு ஒருத்தன்கூடவா இல்ல?"

"யாரு கீறாங்கோ? கரை பூரா கேட்டுப் பாத்துட்டேன்."

"கரையில கேட்ட. மாடியில கேட்டியா?"

இருசப்பன் நிமிர்ந்தான்.

தேர்வு, பகீரதன் தவம் செய்கிற பாறைக்கு எதிரே நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒருவன் குடை பிடித்தான். பக்கத்தில் பக்தவச்சலம், புதுச் சலவைச் சட்டையில். ஏசுபாதம் இருசப்பன் பெயரைக் கூப்பிட்டார். குப்பமே பின்னால் நின்று பார்த்தது. ஜெகதாம்பாள் வெறுங்கூடையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"உன் சூப்பர்லேடிவைச் சொல்" என்றார் இயக்குநர்.

இருசப்பன் கும்பிட்டான்.

"சார், அவர் குப்பம் நோ சூப்பர்லேடிவ். ஓல்டு ஒன் ஐ கிவ் பேக். யுவர் ஆபீஸ் இஸ் தி பெஸ்ட் ஆபீஸ். யுவர் ஆபீஸ் டீச்சஸ் தி மோஸ்ட் பியூட்டிஃபுல்லி."

பக்தவச்சலத்தின் காது மடல் சிவந்தது.

"இரண்டையும் அவன் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆளுக்கு ஒன்றுதான் சார்" என்றார் பக்தவச்சலம். "பழையது போய்விடும். நான் கேட்கவில்லை சார். யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. மக்களாகக் கொடுக்கிறார்கள். மக்கள் கொடுத்தால் மறுக்க நாம் யார்?"

அன்று பிற்பகலே குப்பத்துப் பலகை பிடுங்கப்பட்டது. எழுத்தை மாற்றி எழுதி, 'தி பெஸ்ட் சென்டர் இன் தி ஹோல் ஸ்டேட்' என்று செங்கல்பட்டு மாடியில் மாட்டினார்கள். இருசப்பன் சட்டையில் பேட்ஜ் ஏறியது. மறுநாள் ஜெகதாம்பாள் ஏலத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று, இரண்டு கூடை காரப்பொடி மீன் எடுத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மெட்ராசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாநிலத்திலேயே சிறந்த மையம் என்ற நிலையை அடைந்துவிட்டபடியால், செங்கல்பட்டு மையம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டதாகக் கருதி மூடப்படுகிறது. அதன் நிதியும் நாற்காலிகளும் பின்தங்கிய மையங்களுக்குத் தரப்படும். மையம் வழங்கிய பேட்ஜுகள் மையத்தோடு முடிவுக்கு வரும். தனி அலுவலர், செய்யூருக்கு அப்பால் சவுக்கு மரம் எண்ணும் பணிக்கு மாற்றப்படுகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை வேகாத வெயிலில், பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் செருப்பு புதையப் புதைய பக்தவச்சலம் குப்பத்துக்கு வந்தார். பின்னாலேயே ஏசுபாதம். சலவைச் சட்டை கசங்கிக் கிடந்தது. ஜெகதாம்பாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்தார்.

"இருசப்பா, நீதான் காப்பாற்ற வேண்டும். நம் மையம் சிறந்த மையம் இல்லை என்று நிரூபித்துவிட்டால் மூடமாட்டார்கள். உன் பேட்ஜும் பிழைக்கும். நிறைய சாட்சிகள் வேண்டும்."

"இன்னா சார் சொல்லணும்?"

"ஒர்ஸ்ட் என்று சொல்ல வேண்டும். மாநிலத்திலேயே மோசமான மையம். வற்புறுத்திச் சொல்லவைத்த மாதிரி இருக்கக்கூடாது. மனதார வர வேண்டும். முடியுமா?"

இருசப்பன் பெருமூச்சு விட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். பீரோ, ஆட்டுக்கல், டீ கிளாஸ், குட்டையாகிப்போன கோயில், பெண்டாட்டியின் வெறுங்கூடை எல்லாம் வரிசையாக வந்து நெஞ்சில் முட்டின. பேட்ஜுக்காக இல்லாவிட்டாலும் அவன் சொல்லியிருப்பான்.

"யுவர் ஆபீஸ் இஸ் தி ஒர்ஸ்ட் ஆபீஸ், சார்!" என்றான் கடல் பக்கம் கேட்கிற மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணைப் பற்றிய பயமே இல்லாமல் ஒரு சூப்பர்லேடிவ் அவன் வாயிலிருந்து வந்தது. அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"நானும் சொல்றேன்!" என்று வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார் செங்கல்வராயன். தனகோடிக்கு ஆள் போயிற்று. அவன் பட்டறையையே கூட்டிக்கொண்டு வந்தான். ஏசுபாதம் வாத்தியார் செருமிக்கொண்டு, தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் இரண்டு முறையும் முழங்கினார். செய்தி பரவி, நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்தாரும் வந்து சேர்ந்தார்கள். சொன்னவர்கள் திருப்திப்படாமல் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். ஜெகதாம்பாள் ஆங்கிலம் தெரியாததால் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னாள். அதை மட்டும் பக்தவச்சலம் எழுதிக்கொள்ளவில்லை.

பொழுது சாயும் வரைக்கும் வரிசை நகர்ந்தது. எல்லாம் முடிந்ததும் பக்தவச்சலம் எழுந்து, இருசப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

"மக்கள் இவ்வளவு ஒத்துழைப்பு கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, இருசப்பா. ஒருவர்கூடத் தயங்கவில்லையே!" என்றார்.